ஆக்சிலேட்டரில் கால் வைக்காதே

எங்கள் தெருவில் நாளின் முதல் சத்தம் கம்பெனி வேனின் ஹாரன். வேன் திரும்ப வேண்டுமென்றால் எங்கள் கார் நகர வேண்டும்.

சேரப்பணஞ்சேரியை ஒட்டி, நெல்வயலாக இருந்து மனைப்பிரிவாகிப்போன இடத்தில், வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அதற்கு முன்னால்தான் தெரு கொஞ்சம் அகலும். முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வரும் வேன் அங்கேதான் திரும்பியாக வேண்டும். வீடு பார்க்க வந்த அன்றே ஓனரம்மா சொல்லிவிட்டார்.

"வண்டி உட்டுக்கோம்மா, யாரு வேணான்றாங்க? வேன் வரசொல்ல மட்டும் கொஞ்சம் நவுத்திக்கினா போதும்."

கணவர் ஊரில் இருந்தவரை அது அவர் வேலை. மழைக்காலம் முடியும்போது அவருடைய கார் கம்பெனி குஜராத்தில் புது ஆலை தொடங்கியது. லைன் ஒழுங்காக ஓடும்வரை இருந்துவிட்டு வரச் சொல்லி அவரை அனுப்பினார்கள். கார் சாவி என் கைக்கு வந்தது. எனக்கு லைசென்ஸ் இருந்தது. படப்பைக் காய்கறிக் கடை வரை ஓட்டியும் இருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் பக்கத்துச் சீட்டில் அவர் இருப்பார்.

அந்த ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். நினைத்த நேரத்தில் கூப்பிட்டு எதையும் கேட்க முடியாது என்பதால், புறப்படும் முன் வீட்டு விஷயங்களை எல்லாம் வாய்ஸ் நோட்டாகப் பேசி அனுப்பிவிட்டார். தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, காருக்கு ஒன்று. லைனில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது அவர் பொறுப்பு. அதே குரலில் எனக்கும் சொல்லியிருந்தார்.

"நல்லா கேட்டுக்கோ. கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாரு. கிளட்சை முழுசா மிதி. சாவியைத் திருப்பு. ஸ்டார்ட் பண்றப்போ ஆக்சிலேட்டர்ல கால் வைக்காதே, எவ்வளவு பெட்ரோல் வேணும்னு அதுக்கே தெரியும். வண்டியை முன்னாடி எடு, வேன் போனதும் பின்னாடி விடு. உடனே ஆஃப் பண்ணிடு. சும்மா உறும விட்டா பெட்ரோல்தான் வேஸ்ட்."

நான் அப்படியே செய்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஹாரன் கேட்டதும் நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடுவேன். மார்கழிப் பனியில் கண்ணாடி வெளுத்திருக்கும். கையால் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்வேன். டேஷ்போர்டில் நீல நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். அது எதற்கு என்று நான் யோசித்ததில்லை. அவர் சொன்னவற்றில் அது இல்லை. பத்தடி முன்னால், பத்தடி பின்னால், சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். உள்ளே மகள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அவள் தூங்கிக்கொண்டிருப்பாள் என்பதுதான் என் பயம். வேன் ஹாரனுக்கு எழமாட்டாள். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. தெருவே எழுந்து உட்காரும். அவள் புரண்டுகூடப் படுக்கமாட்டாள். இரண்டரை வயது முடிந்திருந்தது. பேச்சு வரவில்லை. "ம்" என்பாள், சிரிப்பாள், வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். "பொண்ணுங்க சீக்கிரம் பேசிடும், இவ ஏன் இப்படி?" என்று மாமியார் போனில் கேட்டபோதெல்லாம், "ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி, அத்தை" என்று சொல்லிவிட்டு, அழைப்பு முடிந்ததும் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பேன். தட்டைக் கீழே போடுவேன். சில நாள் திரும்புவாள். அவள் சத்தத்துக்குத் திரும்பினாளா, தரை அதிர்ந்ததால் திரும்பினாளா, என் நிழலைப் பார்த்தாளா? மறுபடியும் போடுவேன். இந்த முறை திரும்பமாட்டாள். கேட்கவில்லையா, இல்லை, அம்மா வெறுமனே தட்டுதான் போடுகிறாள் என்று தெரிந்துவிட்டதா? எதையும் என்னால் முடிவாகச் சொல்ல முடிந்ததில்லை.

நான் திருமணத்துக்கு முன் ஒரு வருடம் பள்ளியில் பாடம் எடுத்தவள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று தொண்டை கட்டும்வரை பேசியவள். இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பது குறைந்துகொண்டே வந்தது. முதலில் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். இது கத்தரிக்காய், இது அப்பா சட்டை, இப்போது குக்கர் விசில் அடிக்கும். பதில் வராத இடத்தில் பேச்சு எப்போது நிற்கிறது என்று தெரிவதில்லை. அவர் போனபிறகு சில நாட்கள், பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னதைத் தவிர மாலைவரை வேறு எதுவும் பேசியிருக்கமாட்டேன்.

குழந்தை மருத்துவர் காது சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தாம்பரம் பக்கத்தில் ஒரு மருத்துவமனை. குழந்தை தூங்கும்போதுதான் அந்தச் சோதனையைச் செய்ய முடியும். "விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிடுங்க. வழியில தூங்க விடாதீங்க. இங்க வந்து மருந்து கொடுத்துத் தூங்க வைப்போம்" என்றார்கள். முதல் முறை ஷேர் ஆட்டோவும் பேருந்துமாகப் போனேன். மணிமங்கலம் கூட்டுரோடு தாண்டுவதற்குள் அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். கன்னத்தைத் தட்டினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். பேருந்தில் ஒரு பெண், "தூங்கற புள்ளையை ஏம்மா படுத்தறே?" என்று சத்தம் போட்டார். மருத்துவமனையில் இறங்கியதும் மகள் தெளிவாக விழித்துக்கொண்டாள். மருந்து கொடுத்தும் தூங்கவில்லை. சோதனை நடக்கவில்லை. அந்த இயந்திரத்துக்கு முறை வைத்திருந்தார்கள். அடுத்த முறை கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அந்த மாதம் முழுக்க ஒரே கணக்குத்தான் என் தலைக்குள். காது கேட்காவிட்டால் கருவி. கருவி வைத்தால் பேச்சு. ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போகும்போது பேச்சும் தள்ளிப்போகும். இந்த முறை தவறக் கூடாது.

இரண்டாவது முறைக்குக் காரில் போவதென்று முடிவு செய்தேன். பின்சீட்டில் அவளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மாடியில் தென்காசிப் பக்கத்துப் பெண்கள் தங்கியிருந்தார்கள். எல்லோரும் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை. அவர்களில் ஒருத்தி மட்டும் படியில் பார்த்தால் என்னிடம் நின்று பேசுவாள். தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டேன்.

"இதுக்குப் போயி இவ்வளவு யோசிக்கியளாக்கா? நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வாரேன். பாப்பாவ ஒரு கண்ணு மூட விடமாட்டேன், பாத்துக்கிடுங்க."

சோதனை நாளன்று நல்ல பனி. எதிர் மனையில் நட்டிருந்த கற்கள்கூடத் தெரியவில்லை. மகளை இருட்டிலேயே எழுப்பிக் குளிப்பாட்டினேன். அவள் சுவரில் சாய்ந்து சாய்ந்து தூங்கப் பார்த்தாள். கண்ணாடி முன் நிறுத்திப் பொட்டு வைத்தேன், அழித்தேன், மறுபடி வைத்தேன். வேன் ஹாரன் கேட்டது. வண்டியை முன்னால் எடுத்து, அணைத்தேன். வேன் போனதும் பின்னால் விட்டு, அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லாரி வந்தது. அன்று அது வரும் நாள் இல்லை. மறுபடி முன்னால் எடுத்து, அணைத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த நீல விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அணைத்தேன். ஒரு சொட்டு பெட்ரோல் வீணாக்கவில்லை என்ற நிம்மதி வேறு.

லாரி போயிற்று. இரவு ஷிப்டு பெண்களோடு திரும்பி வந்த வேனும் அவர்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அந்தப் பெண் ஆலையில் போடும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து பின்சீட்டில் மகளோடு உட்கார்ந்தாள். பையில் மருத்துவச் சீட்டு, மாற்று உடை, பால் பாட்டில். எல்லாம் எடுத்தாயிற்றா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

கிர் கிர் கிர் கிர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை.

நியூட்ரல். கிளட்ச். சாவி. கிர் கிர் கிர் கிர்.

கொஞ்சம் விட்டு மறுபடியும். ஒரு முறை பிடிப்பதுபோல் லேசாக இருமியது. அதோடு சரி. சமீப நாட்களாகவே காலையில் அது கொஞ்சம் அதிகமாகச் சுற்றித்தான் பிடித்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏன் அவரிடம் சொல்லவில்லை? சொல்ல நினைத்த நேரத்திலெல்லாம் வேறு ஏதாவது முக்கியமாக இருந்தது.

சத்தம் கேட்டு ஓனரம்மா கோலப்பொடிக் கையோடு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, காத்தால அந்த வண்டியப் போட்டு இந்தப் பாடு படுத்தினுகீற?"

"ஸ்டார்ட் ஆகல, ஆன்ட்டி. பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இன்னிக்கு விட்டா..."

"பாட்டரி டவுனு. இதுல யோசிக்க இன்னா கீது? எங்க வூட்டு டிராக்டரு பனி காலத்துல இப்டித்தான் மக்கர் பண்ணும். நாலு பேரு தள்ளினா தானா புடிச்சிக்கும்."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பாட்டரி போனால் விளக்கு மங்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் பனி பளிச்சென்று வெளுத்தது. ஹாரனை அழுத்தினேன், தெருவே திரும்பியது. உடனே பின்னால் திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரனுக்கு முன்பே பார்த்தாளா, பிறகு பார்த்தாளா, தெரியவில்லை. பாட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் ஓனரம்மா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டார்.

"ஏய் பொண்ணுங்களா, கீழ வாங்கடி! ராத்திரி முழுக்க போனுக்கு ஸ்க்ரூ போட்டீங்கல்ல, இப்ப காருக்கும் கொஞ்சம் கை குடுங்க!"

பல் துலக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். என்னோடு வர இருந்தவளும் இறங்கிக்கொண்டாள். ஓனரம்மா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இரண்டாவது கியர், சாவி போட்டபடி, தள்ளும்போது கிளட்சை விடு என்று அவரே கட்டளை போட்டார். வேறு வழி தெரியாமல் நானும் தலையாட்டினேன்.

"எக்கா, பிரேக்க எடுத்தாச்சா? இல்ல, நாங்க சும்மாவா முக்குதோம்?"

உண்மையில் எடுக்கவில்லை. எடுத்தேன். கார் நகர்ந்தது. கிளட்சை விட்டேன். வண்டி குலுங்கி ஒரு குதி குதித்து நின்றது. பின்னால் "அய்யோ அம்மா" என்று ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். மறுபடி தள்ளினார்கள். மறுபடி ஒரு குதி. மூன்றாவது முறைக்குத் தெரு முடிந்து, மனைக்கற்கள் இருக்கும் மண்ணில் வந்து நின்றோம். பெண்கள் டிக்கியில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். ஒருத்தியின் வாயில் இன்னும் பற்பசை நுரை.

"இது வேலைக்காவாது. மெக்கானிக்கத்தான் இட்டாரணும்" என்றார் ஓனரம்மா. "ஒரகடத்துல கீறான், ஆனா கடை தொறக்க பத்தாவும்."

பத்து மணிக்கு நாங்கள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஆப்பில் டாக்ஸி தேடினேன். ஒருவர் வருவதாகக் காட்டியது. பிறகு ரத்து. இன்னொருவர் போன் செய்து, "அந்த ஊருக்குள்ளயாம்மா? மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவரும் ரத்து செய்தார். கணவருக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ லாக்கருக்குள் என் பெயர் மின்னி மின்னி அணைந்திருக்கும்.

ஓனரம்மாவின் தோளில் மகளுடைய தலை சாய ஆரம்பித்தது.

"ஆன்ட்டி, தூங்க விடாதீங்க, ஆன்ட்டி!"

"புள்ள தூங்கட்டுமேம்மா, கண்ணு சொக்குது பாரு."

"இல்ல, ப்ளீஸ், கீழ இறக்கிவிட்டு நடக்க வைங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஓனரம்மா ஒருமாதிரி பார்த்துவிட்டு அவளைக் கீழே விட்டார். அவள் ஈரமான புல்லில் நின்று அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது. யாரும் பார்க்காதபடி காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த வாடை. பெட்ரோல். தள்ளிக்கொண்டிருந்தபோதும் அது இருந்திருக்க வேண்டும், பரபரப்பில் தெரியவில்லை. இப்போது மூடிய காருக்குள் மூக்கில் ஏறியது. எனக்கு அந்த வாடை தெரியும். கல்லூரிக்கு ஓட்டிக்கொண்டு போன பழைய ஸ்கூட்டி. குளிர் காலையில் ஸ்டார்ட் செய்து, உடனே அணைத்து, மறுபடி உதைத்தால் இதே வாடைதான் வரும். ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது என்போம். பெட்ரோல் இல்லாததால் அல்ல, அதிகமானதால் பிடிக்காது. பிளக் நனைந்து கிடக்கும். கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு உதைக்க வேண்டும். காற்று உள்ளே போய் அந்த ஈரம் வெளியேறும். கல்லூரி வாசலில் எத்தனை பேருக்கு நான் அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். எனக்கு அதெல்லாம் எப்போது மறந்தது?

மறக்கவில்லை. கார் வேறு, ஸ்கூட்டி வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரைப் பற்றித் தெரிந்தவர் அவர். தினமும் காருக்குள் என்ன போகிறது, எது எங்கே முடுக்கப்படுகிறது என்று பார்ப்பவர். அவர் ஆக்சிலேட்டரில் கால் வைக்காதே என்றால் அதற்குக் காரணம் இருக்கும். நான் மிதித்து ஏதாவது ஆகிவிட்டால்? இன்னும் பெட்ரோல் போய்விட்டால்? தீப்பிடித்தால்? போனை எடுத்து அந்த வாய்ஸ் நோட்டை மறுபடி கேட்டேன். "எவ்வளவு பெட்ரோல் வேணும்னு அதுக்கே தெரியும்." எவ்வளவு நிதானமான குரல். கேள்வி கேட்டால் பதில் சொல்லாத குரல்.

நான்கு கதவுகளையும் திறந்துவிட்டேன். சாவியை எடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

"என்னக்கா, சும்மா நிக்கிய?" என்றாள் அந்தப் பெண்.

"கொஞ்ச நேரம் அப்படியே விடணும். பெட்ரோல் அதிகமாயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"ஓ, எங்கண்ணன் வண்டிகூட ஓவர்ஃப்ளோ ஆவும். கார்லயும் அப்டி ஆவுமா?"

"தெரியல. ஆகும்னு நினைக்கிறேன். ஆகாமலும் இருக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். "என்னக்கா, ரெண்டையும் நீங்களே சொல்லுதிய!"

காத்திருப்பதுதான் கஷ்டம். மகள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தினேன், கையைப் பிடித்து மனைக்கல்லைச் சுற்றி நடத்தினேன். கிடைக்கிற ஒவ்வொரு நிமிடத்தையும் நானே வேண்டுமென்றே வீணடிக்கிறேனோ என்று தோன்றியது. போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிடலாம் என்று கை துடித்தது. திருப்பவில்லை. பிறகு எல்லோரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்தேன்.

நியூட்ரல். கிளட்ச். வலது காலை ஆக்சிலேட்டரில் வைத்து, தரையோடு தரையாக அழுத்தினேன். சாவியைத் திருப்பினேன்.

கிர் கிர் கிர் கிர். எதுவும் இல்லை. இதோடு பாட்டரியும் போகப் போகிறது என்று நினைத்தேன். காலை எடுத்துவிடலாமா? எடுக்கவில்லை. கிர் கிர் கிர். ஓர் இருமல். இன்னோர் இருமல். வண்டி முழுக்க நடுங்கி, கரகரவென்று, பிடித்துக்கொண்டது. பயந்துபோய்க் காலைத் தளர்த்தினேன். அணையப் போனது. லேசாக மிதித்தேன், தாங்கியது. பின்னால் வெள்ளையாகப் புகை வந்து பனியோடு கலந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

"புடிச்சிக்கிச்சி! நான்தான் சொன்னன்ல, தள்ளினா புடிச்சிக்கும்னு!" என்றார் ஓனரம்மா.

நான் மறுக்கவில்லை. காலை எடுத்தால் நின்றுவிடும் என்ற பயத்தில் எடுக்கவில்லை. சத்தம் சீராகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் வீணாகத்தான் போயிற்று.

படப்பை தாண்டும்போது அந்த நீல விளக்கு அணைந்தது. அது அணையும் என்பதையே அன்றுதான் கவனித்தேன்.

பின்சீட்டில் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வந்தவள் கரசங்காலுக்கு முன்பே தூங்கிவிட்டாள். வாய் திறந்து, தலை கண்ணாடியில் முட்டிக்கொண்டு. மகள்தான் விழித்திருந்தாள். அந்த அக்காவின் அடையாள அட்டைக் கயிற்றை இழுப்பாள், மூக்கைப் பிடிப்பாள், ஒன்றும் நடக்கவில்லை என்றால் என்னைக் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாள். மண்ணிவாக்கம் சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு சத்தம். தொண்டைக்குள்ளிருந்து, விட்டு விட்டு. கிர், கிர், கிர். கண்ணாடியில் பார்த்தேன். மகள் உதட்டைக் குவித்துக்கொண்டு செய்துகொண்டிருந்தாள். அப்படியென்றால் இவளுக்குக் கேட்கிறது. உடனே அடுத்த எண்ணமும் வந்தது. வண்டி சுற்றும்போது சீட்டு அதிரும். காது கேட்காத பிள்ளைக்கும் அந்த அதிர்வு தெரியும். ஆனால் அப்போது அவள் புல்லில் அல்லவா நின்றாள்? அதற்கு முன்னால், தொடக்கத்தில், சீட்டில்தானே இருந்தாள். பச்சை விழுந்ததை நான் பார்க்கவில்லை, பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது.

நேரத்துக்குப் போய்விட்டோம். மருந்து கொடுத்ததும் அவள் என் மடியில் உடனே தூங்கினாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பசை தடவி வயர்களை ஒட்டினார்கள். விளக்கை அணைத்தார்கள். திரையில் கோடுகள் ஏறி இறங்கின. ஏறுவது நல்லதா, இறங்குவது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. சோதனை செய்த பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் எதுவும் இல்லை. முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு காதும் நல்லா கேக்குதும்மா. சின்னச் சத்தம்கூட."

"நிச்சயமாவா, மேடம்? இன்னொரு தடவை பார்க்க வேண்டாமா?"

அவர் சிரித்தார். "வேண்டாம். பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொல்லி எழுதறேன். வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் அவளும்."

"நீங்க யார்கூடப் பேசுவீங்க?"

அவர் குழந்தைக்காகத்தான் கேட்டார். வீட்டில் அவள் காதில் எவ்வளவு பேச்சு விழுகிறது என்று தெரிந்துகொள்ள. "போன்ல பேசுவேன்" என்றேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது சந்தோஷம்தான் முதலில் வந்தது. பக்கத்தில் நீலக் கோட்டுப் பெண் மறுபடியும் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை. பிறகுதான் மற்றது புரிந்தது. மகளுக்குக் கேட்டிருக்கிறது. எல்லாமே கேட்டிருக்கிறது. அவளை மடியில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் போனில், "இவளுக்குக் காது கேக்கலன்னுதான் எனக்குத் தோணுது, இவளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்" என்று சொன்னது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, இவள் முன்னால் மட்டும் தடையில்லாமல் அழுதது. என்னால முடியல, என்னால முடியல என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தது. கத்தரிக்காய், சட்டை, விசில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அதை மட்டும் நிறுத்தாமல் இருந்திருக்கிறேன்.

மதிய இடைவேளையில் அவர் கூப்பிட்டார். பின்னால் கேன்டீன் தட்டுச் சத்தம்.

"என்னாச்சு? அத்தனை மிஸ்டு கால்?"

"காது நல்லா இருக்காம்."

மூக்கை உறிஞ்சினாரோ என்று தோன்றியது, சத்தத்தில் தெரியவில்லை. "அப்பாடா. சரி, அப்போ எதுக்குக் காலையில..."

"வண்டி ஸ்டார்ட் ஆகல. ஓவர்ஃப்ளோ. ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு எடுத்தேன்."

"ஓ. கரெக்ட்தான். அப்படிப் பண்ணா இஞ்செக்டர் பெட்ரோலை நிறுத்திடும். உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"வண்டி சூடாகி அந்த நீல விளக்கு அணையறதுக்குள்ள திரும்பத் திரும்ப ஆஃப் பண்ணா அப்படித்தான் ஆகும். கொஞ்சம் ஓட விடணும்ல?"

"உடனே ஆஃப் பண்ணச் சொன்னது நீங்கதானேங்க."

"நான் எப்போ சொன்னேன்?"

"வாய்ஸ் நோட்ல இருக்கு. அனுப்பட்டுமா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வைக்கிறேன், பாப்பாவைக் கொஞ்சு" என்று வைத்துவிட்டார். நான் சொல்ல நினைத்தது பாதியில் நின்றது. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. சொல்லியிருந்தால், "அதான் நல்லதாச்சே" என்றிருப்பார்.

மறுநாளும் பனி. வேன் ஹாரன் அடித்ததும் எழுந்தேன். மகளைத் தூங்க விட்டுவிட்டுப் போகவில்லை. போர்வையோடு தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டேன். தலையில் பசை இன்னும் முழுக்கப் போகவில்லை. முடி அங்கங்கே நட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாக்கறேன்" என்றேன். குரல் கட்டியிருந்தது, காலையில் முதல் பேச்சு. "கிளட்சை மிதிக்கிறேன். சாவியைத் திருப்பப் போறேன். ஆக்சிலேட்டர்ல கால் வைக்கல, இன்னிக்கு வேண்டாம். இதோ."

பிடித்துக்கொண்டது. முன்னால் எடுத்தேன். வேன் திரும்பிப் போயிற்று. ஓனரம்மா கோலத்திலிருந்து நிமிர்ந்து, "இன்னும் இன்னாத்துக்கு உறும உட்டுக்கினுகீற?" என்றார். கை காட்டிவிட்டு நேராகப் போனேன். மனைகளைத் தாண்டி, ஆலைகளுக்குப் போகும் அகலமான சாலையில் ஏறினேன். நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அணையும்வரை ஓட்டுவது என்று முடிவு செய்திருந்தேன்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதனால் பார்த்ததை எல்லாம் சொன்னேன். இது லாரி. இது பஸ், பாரு, உள்ள எல்லா அக்காவும் தூங்கறாங்க. இது கேட். அப்பா முன்னாடி இந்த மாதிரி ஒரு கேட்டுக்குள்ளதான் போவாங்க. இது ஒண்ணும் இல்ல, பனி. சொல்லிக்கொண்டே போனேன். பதில் இல்லை. பதில் இல்லாமல் பேசுவது எவ்வளவு கூச்சமாக இருக்கிறது. காருக்குள் யாருமே இல்லாததுபோல இருந்தது.

படப்பைச் சாலை சேரும் இடத்தில் விளக்கு அணைந்தது. "அணைஞ்சுடுச்சு" என்றேன். "இப்ப வீட்டுக்குப் போலாம்."

வண்டியைத் திருப்பும்போது பின்னாலிருந்து ஏதோ கேட்டது. எஞ்சின் சத்தமா, அவளா, தெரியவில்லை. கண்ணாடியில் பார்க்கத் தலை தானாக உயர்ந்தது. எதிரே ஒரு கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது. சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"இது பெரிய லாரி" என்றேன்.